உட்கூரையில் ஈரக்கறையா? சாயம் பூசி மறைக்காதீர்கள், சோதிக்கச் சொல்லுங்கள்

கழிவறைக்குள் போகும்போது தலையை நிமிர்த்திப் பாருங்கள். உட்கூரையில் மஞ்சள் வளையம் தெரிகிறதா? சாயம் கொப்புளித்திருக்கிறதா? மூலையில் கறுப்புப் புள்ளிகள் படர்ந்திருக்கின்றனவா? சமையலறைக் கூரையிலிருந்து சிமெண்ட் துண்டு விழுந்து, உள்ளே துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறதா?

நம்மில் பலர் இவற்றைப் பார்த்தும் பார்க்காமல் இருந்துவிடுகிறோம். "பழைய வீடு, அப்படித்தான் இருக்கும்" என்கிறோம். விருந்தினர் வரும்போதோ தீபாவளி நெருங்கும்போதோ கறைமேல் வெள்ளைச் சாயம் பூசுகிறோம். சில மாதங்களில் அதே இடத்தில் கறை மீண்டும் வருகிறது. கூரைக்குள் நீர் இருக்கும்வரை வெளியில் பூசும் சாயம் நிற்காது.

சிங்கப்பூர்வாசிகளில் நான்கில் மூவருக்கும் மேற்பட்டோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வசிக்கிறோம். உங்கள் வீட்டுக் கூரைதான் மேல்வீட்டின் தரை. உங்கள் தரைதான் கீழ்வீட்டின் கூரை. ஆகவே ஒரு வீட்டின் குறை அந்த வீட்டோடு நிற்பதில்லை. அதைச் சரிசெய்யும் பொறுப்பும் ஒருவருடையது மட்டுமல்ல.

இந்தப் பாடத்தைப் படித்து முடிக்கும்போது நீங்கள்:
• வீட்டுக் குறை உடல்நலத்தை எப்படிப் பாதிக்கிறது என்பதை அறிவீர்கள்.
• நீர்க்கசிவையும் கான்கிரீட் உதிர்வையும் அடையாளம் காண்பீர்கள்.
• எந்தக் குறையை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வீர்கள்.
• அதிகாரிகளின் சோதனை எப்படி நடக்கும், அதற்கு எப்படி ஒத்துழைப்பது என்பதைப் புரிந்துகொள்வீர்கள்.

1. வீட்டுக் குறை ஏன் சுகாதாரப் பிரச்சினை?

வீட்டைச் சோதிப்பதற்கும் நோயைத் தடுப்பதற்கும் உள்ள தொடர்பு சிங்கப்பூருக்குப் புதிதல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பு நகரின் கடைவீடுகளில் மாடிகளைப் பலகைகளால் தடுத்து, சன்னல் இல்லாத சிறு அறைகளில் பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. காசநோய் அங்கே எளிதில் பரவியது. பேராசிரியர் சிம்சன் என்ற சுகாதார வல்லுநர் அந்த வீடுகளை ஆராய்ந்து 1907இல் அறிக்கை அளித்தார். 1927இல் சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிதி அமைக்கப்பட்டது. 1960 பிப்ரவரி முதல் தேதி அதன் வீடமைப்புப் பணியை வீவக ஏற்றது. மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, மக்கள் குடியிருக்கும் வீடும் சீராக இருக்க வேண்டும் என்பதே அன்று கற்ற பாடம்.

இன்று நம் வீடுகளுக்குள் காற்றும் வெளிச்சமும் வருகின்றன. ஆனால் வீடுகளுக்கும் வயதாகிறது. கவனிக்காமல் விட்ட குறைகள் நான்கு வழிகளில் உடல்நலத்தைப் பாதிக்கும்.

பூஞ்சை: சிங்கப்பூர்க் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். இந்த நிலையில் ஈரமான சுவர் எளிதில் காய்வதில்லை. அதில் பூஞ்சை வளர்ந்து நுண்ணிய வித்துகளைக் காற்றில் பரப்பும். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் இருமல், இளைப்பு, ஆஸ்துமா ஆகிய தொல்லைகள் அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. குழந்தைகள், மூத்தோர், ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோர் கூடுதலாகப் பாதிக்கப்படலாம்.

கொசு: சொட்டும் நீருக்குக் கீழே வாளி வைப்பது நம் வழக்கம். அந்த வாளியே ஏடிஸ் கொசுவுக்கு வீடாகிவிடும். முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ ஏழு நாள் போதும். கூரைக் கசிவைப் பொறுத்துக்கொண்டு, வீட்டுக்குள் டெங்கிக் கொசுவை வளர்த்துவிடக் கூடாது.

காயம்: உதிரும் கான்கிரீட் துண்டு சிறியதாக இருந்தாலும் கூர்மையானது, கனமானது. அது தூங்குபவர் முகத்தில் விழலாம், குளிக்கும் குழந்தையின் தலையில் விழலாம்.

வழுக்கி விழுதல்: கழிவறை வாசலில் தேங்கும் கசிவுநீர் மூத்தோருக்குப் பெரும் ஆபத்து. ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அவர் மீண்டும் தாமாக நடமாடுவது கடினமாகலாம்.

2. கறை சொல்வதைக் கவனியுங்கள்

எல்லாக் கறையும் ஒன்றல்ல. சோதிக்க வரும் அதிகாரி கேட்கப்போகும் கேள்விகளை நீங்களே முதலில் கேட்டுப் பாருங்கள்.

• கறை எந்த அறையில் இருக்கிறது? வீவக வீடுகளில் கழிவறைக்கு மேல் கழிவறையும் சமையலறைக்கு மேல் சமையலறையும் அமைவதே வழக்கம். கழிவறைக் கூரையில் கசிவு என்றால், மேல்வீட்டுக் கழிவறைத் தரையோ அங்குள்ள குழாயோ காரணமாக இருக்கலாம்.
• எப்போது சொட்டுகிறது? மேல்வீட்டில் குளிக்கும் நேரங்களில் மட்டும் சொட்டினால் தரையிலோ கழிவுநீர்க் குழாயிலோ குறை இருக்கலாம். இரவும் பகலும் நிற்காமல் சொட்டினால் தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கலாம். மழை பெய்தால் மட்டும் ஈரமானால் வெளிச்சுவர், சன்னல் ஓரம் அல்லது மொட்டைமாடி ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.
• கறை பெரிதாகிறதா? பென்சிலால் அதன் ஓரத்தில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள்.
• பழுப்புநிறக் கோடு, நீளமான விரிசல், புடைப்பு ஆகியவை தெரிகின்றனவா? உள்ளே இரும்புக் கம்பி துருப்பிடிக்கிறது என்பதற்கு இவை அறிகுறிகள்.

படுக்கைக்கு மேலோ சாப்பாட்டு மேசைக்கு மேலோ புடைப்பு இருந்தால், சோதனை முடியும்வரை படுக்கையையும் மேசையையும் நகர்த்திப் போடுங்கள். புடைப்பைத் துடைப்பக் கட்டையால் தட்டிப் பார்க்க வேண்டாம்.

3. இது ஏன் ஏற்படுகிறது?

நீர்க்கசிவு: கழிவறைத் தரையின் டைல்ஸுக்கு அடியில் சிமெண்ட் பூச்சும் அதற்கும் அடியில் நீர்த்தடுப்புப் படலமும் இருக்கும். தினமும் பலமுறை தண்ணீர் படுவதால் இந்தப் படலம் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்ந்துபோகும். டைல்ஸ் இடுக்குகளில் உள்ள பூச்சும் கரையும். அப்போது நீர் மெல்ல இறங்கி, கான்கிரீட் தளத்தின் வழியே கீழ்வீட்டுக் கூரையில் கசியும். யாரும் தவறு செய்யாமலேயே இது நடக்கலாம். சில வேளைகளில், அனுமதியின்றித் தரையை உடைத்துப் புதுப்பித்ததால் படலம் சேதமாகிவிடுவதும் உண்டு.

கான்கிரீட் உதிர்வு: புதிய கான்கிரீட்டுக்குக் காரத்தன்மை அதிகம். அதுவே உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெதுவாகக் கான்கிரீட்டுக்குள் நுழையும்போது காரத்தன்மை குறைகிறது. பிறகு ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அது உள்ளிருந்து தள்ளுவதால் கான்கிரீட் விரிந்து, புடைத்து, உதிர்கிறது. ஈரம் அதிகமுள்ள கழிவறையிலும் சமையலறையிலும் இதை அதிகம் காணலாம்.

இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு. இன்று சிறு கசிவாக இருப்பதைக் கவனிக்காமல் விட்டால், நாளை அது கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். ஆரம்பத்திலேயே சரிசெய்தால் வேலையும் செலவும் குறையும்.

4. யாரிடம் சொல்வது?

பலர் தவறான இடத்தில் புகார் செய்து, வாரக்கணக்கில் காத்திருந்து சலித்துப்போகிறார்கள். கீழுள்ளதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

• மேல்வீட்டிலிருந்து கசிவு (நீங்கள் வீவக வீட்டு உரிமையாளர்): முதலில் மேல்வீட்டுக்காரர், அடுத்து வீவக கிளை அலுவலகம். இரு வீடுகளுக்கும் இடையிலுள்ள தளத்தைப் பராமரிக்கும் பொறுப்பு இரு வீட்டு உரிமையாளர்களையும் சேர்ந்தது.
• நீங்கள் மேல்தளத்தில் வசிக்கிறீர்கள், கூரைமேல் மொட்டைமாடி: நகர மன்றம்.
• வெளிச்சுவர், தாழ்வாரம், மாடிப்படி, கீழ்த்தளம், மின்தூக்கி: நகர மன்றம். இவை பொது இடங்கள்.
• வீவக பொது வாடகை வீடு: வீவக கிளை அலுவலகம். அந்த வீட்டின் உரிமையாளர் வீவகதான்.
• தனியாரிடம் வாடகைக்கு எடுத்த வீடு அல்லது அறை: வீட்டு உரிமையாளரிடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். குறுஞ்செய்தியாக இருந்தாலும் போதும், அதை அழிக்காமல் வைத்திருங்கள்.
• கூட்டுரிமை வீடு: உங்கள் நிர்வாகக் கழகம். மேல்வீட்டிலிருந்து வரும் கசிவுக்கு, வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை மேல்வீடே காரணம் என்று சட்டம் கருதுகிறது.
• வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதி: முதலில் விடுதி நடத்துநர், அடுத்து மனிதவள அமைச்சு. 2023 ஏப்ரல் முதல், ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட விடுதிகள் அனைத்தும் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிச் சட்டத்தின்கீழ் வருகின்றன. ஒழுகும் கூரை, உடைந்த கழிவறை ஆகியவற்றைப் பற்றிச் சொல்வது உங்கள் உரிமை.

யாரிடம் சொல்வது என்று தெரியாவிட்டால் 'ஒன்சர்விஸ்' கைப்பேசிச் செயலியில் படத்துடன் அனுப்புங்கள். தகவல் உரிய அமைப்புக்கு அனுப்பப்படும். செயலி பழக்கமில்லாத மூத்தோருக்குப் பிள்ளைகளோ அண்டைவீட்டாரோ உதவலாம்.

5. சரிசெய்ய ஆறு படிகள்

படி 1: பாதுகாப்பு

விளக்குக்கோ மின்விசிறிக்கோ அருகில் நீர் சொட்டினால் சுவிட்சைத் தொடாதீர்கள். கைகளும் தரையும் காய்ந்திருப்பதை உறுதிசெய்து, மின்பெட்டியில் மின்சாரத்தை நிறுத்துங்கள். உரிமம் பெற்ற மின்பணியாளர் பார்க்கும்வரை அந்த விளக்கைப் போட வேண்டாம். பெரிய கான்கிரீட் துண்டு விழுந்தாலோ கூரை தொங்குவதுபோல் தெரிந்தாலோ அறையைவிட்டு வெளியேறிக் கதவைச் சாத்துங்கள். உடனே வீவகவிடம் தெரிவியுங்கள். யாருக்கேனும் காயம் ஏற்பட்டால் 995ஐ அழையுங்கள்.

படி 2: பதிவு

கறையைப் படமெடுங்கள். தேதி, நேரம், எவ்வளவு நேரம் சொட்டியது என்பதை ஒரு தாளில் எழுதி வாருங்கள். வீட்டில் யாருக்காவது இருமலோ இளைப்போ அதிகரித்தால் அதையும் குறியுங்கள். மருத்துவரைப் பார்க்கும்போது இந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். "வீட்டில் பூஞ்சை இருக்கிறது" என்று நீங்கள் சொல்வது மருத்துவருக்கு உதவும்.

படி 3: மேல்வீட்டுக்காரரிடம் பேசுங்கள்

இதைத்தான் பலர் தவிர்க்கிறார்கள், அல்லது கோபத்தோடு செய்கிறார்கள். நள்ளிரவில் கதவைத் தட்டி, "உங்களால்தான் என் வீடு பாழாகிறது" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மேல்வீட்டுத் தரை காய்ந்துதான் இருக்கும். கசிவு அவருக்குத் தெரியாது.

மாலையில் போங்கள். கைப்பேசியில் படத்தைக் காட்டுங்கள். இப்படிப் பேசலாம்:

"அங்கிள், நான் கீழ்வீட்டிலிருந்து வருகிறேன். எங்கள் கழிவறைக் கூரையில் தண்ணீர் சொட்டுகிறது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, வழுக்கி விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. நேரம் இருந்தால் கீழே வந்து ஒருமுறை பார்க்கிறீர்களா? இது பழைய வீடுகளில் வருவதுதான். இரண்டு பேருமாகச் சேர்ந்து சரிசெய்யலாம்."

நேரில் வந்து பார்த்தவர் பெரும்பாலும் ஒத்துழைப்பார். மொழி ஒரு தடையானால், இருவருக்கும் தெரிந்த அண்டைவீட்டாரையோ குடியிருப்பாளர் குழுவினரையோ துணைக்கு அழையுங்கள்.

இருவரும் ஒப்புக்கொண்டால், வீவக பட்டியலில் உள்ள குத்தகையாளரைக் கொண்டு நீங்களே பழுதுபார்க்கலாம். கழிவறைத் தரையை உடைப்பதற்கு முன் வீவகவின் அனுமதி வேண்டும்.

படி 4: வீவகவிடம் தெரிவியுங்கள்

பேச்சு பலன் தராவிட்டாலோ கசிவுக்குக் காரணம் தெரியாவிட்டாலோ வீவகவிடம் தெரிவியுங்கள். உங்கள் முகவரி, கசியும் அறை, எப்போது தொடங்கியது, மேல்வீட்டுக்காரருடன் பேசிய விவரம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். வீட்டில் மூத்தோர், கைக்குழந்தை, ஆஸ்துமா நோயாளி இருந்தால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள்.

படி 5: சோதனை நாள்

அதிகாரி இரு வீடுகளையும் பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் வீட்டில் கூரையின் ஈரத்தைப் பார்ப்பார். மேல்வீட்டில் குழாய்களையும் தரையையும் பார்ப்பார். தரையில் நீரைத் தேக்கிக் கீழே கசிகிறதா என்று சோதிக்க வேண்டியும் வரலாம். ஒரே வருகையில் காரணம் தெரியாமலும் போகலாம். நீர் வேறு பாதையில் இறங்கிச் சற்றுத் தள்ளி வெளிவருவது உண்டு. ஆகவே இரண்டாவது, மூன்றாவது முறை வந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள்.

சோதனைக்கு முன்:
• கழிவறையில் உள்ள வாளிகள், துணிகள், அலமாரிகளை அகற்றுங்கள்.
• சோதனைக்கு முந்திய நாட்களில் கறைமேல் சாயம் பூசாதீர்கள். அதிகாரிக்குத் தேவையான தடயம் மறைந்துவிடும்.
• உங்கள் குறிப்புத் தாளையும் படங்களையும் தயாராக வையுங்கள்.
• பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கட்டும்.
• வருபவரிடம் அதிகாரி அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். சோதனைக்கு வரும் அதிகாரி உங்களிடம் ரொக்கமோ வங்கி விவரமோ கேட்கமாட்டார். அப்படிக் கேட்டால் கதவைத் திறக்காமல் வீவகவை அழைத்து உறுதிசெய்யுங்கள்.

படி 6: பழுதுபார்ப்பும் அதற்குப் பிறகும்

காரணத்துக்கு ஏற்ப வேலை மாறும். சில வீடுகளில் கீழிருந்து கூரை விரிசலுக்குள் நீர்த்தடுப்புப் பொருளைச் செலுத்துவார்கள். சிலவற்றில் மேல்வீட்டுத் தரையை உடைத்து நீர்த்தடுப்புப் படலத்தைப் புதிதாக இட வேண்டியிருக்கும். உதிர்ந்த கான்கிரீட்டை முழுவதுமாக அகற்றி, கம்பியின் துருவை நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு பூசி, பிறகு புதிய சாந்தால் மூடுவார்கள். துருவை நீக்காமல் மேலே சிமெண்ட் பூசினால் அது மீண்டும் உதிரும்.

வேலை முடிந்தபின் கூரை நன்றாகக் காயட்டும். காய்ந்த பிறகு சாயம் பூசுங்கள். குறையில்லாத கூரைக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை சாயம் பூசுவது நல்லது. அது கரியமில வாயு உள்ளே நுழைவதைக் குறைக்கும். சரிசெய்த கூரைக்குச் சாயம் காவல். ஈரக் கூரைக்கு அது வெறும் மூடிதான்.

6. மேல்வீட்டுக்காரர் நீங்களானால்

இதுவரை கீழ்வீட்டில் இருப்பவருக்காகப் பேசினோம். கதவைத் தட்டுவது கீழ்வீட்டுக்காரராகவும் திறப்பது நீங்களாகவும் இருந்தால்?

"என் வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லையே, நான் ஏன் செலவு செய்ய வேண்டும்?" என்று தோன்றுவது இயல்பு. ஆனால் உங்கள் கழிவறையில் இறங்கும் நீர், கீழே ஒரு பாட்டி படுத்திருக்கும் அறையின் சுவரை ஈரமாக்கிக்கொண்டிருக்கலாம். அவர் எத்தனை முறை துடைத்தாலும், எத்தனை வாளி வைத்தாலும் அதை நிறுத்த முடியாது. அதை நிறுத்தும் வழி உங்கள் வீட்டுக்குள் மட்டுமே இருக்கிறது. உங்களுக்கும் நன்மை உண்டு. இடையிலுள்ள தளத்தின் கம்பி துருப்பிடித்தால் பலவீனமாவது நீங்கள் நிற்கும் தரைதான்.

வேலை, பயணம் காரணமாக நேரம் ஒத்துவராவிட்டால் வேறு நாள் கேளுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால், அதிகாரியை உள்ளே விடும்படி குடியிருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கடிதத்தைப் பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள்.

கதவைத் திறக்கவே மறுத்தால் என்ன ஆகும்? அவசர ஆய்வுக்கும் பழுதுபார்ப்புக்கும் வீட்டுக்குள் நுழையும் அதிகாரம் 2015இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்வழி வீவகவுக்கு உண்டு. முதலில் எழுத்து மூலம் அறிவிப்புத் தரப்படும். தொடர்ந்து மறுத்தால் நீதிமன்ற ஆணை பெற்று உள்ளே வரலாம். அந்த நிலைக்குப் போவது இருதரப்புக்கும் கசப்பானது. அதற்கு முன் சமூக நடுவர் மன்றத்தின் உதவியை நாடலாம். அங்கே பயிற்சி பெற்ற நடுவர் ஒருவர் இரு குடும்பங்களையும் உட்காரவைத்துப் பேசவைப்பார்.

7. செலவை யார் ஏற்பது?

செலவுக்குப் பயந்தே பலர் குறையை மறைக்கிறார்கள். இந்த உதவிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டம்: தகுதிபெறும் கூரைக் கசிவுகளுக்கு வீவக செலவில் 50 விழுக்காட்டை ஏற்கும். மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் ஆளுக்கு 25 விழுக்காடு செலுத்துவர். "முழுச் செலவும் அவர்தான் தர வேண்டும்" என்று இரு தரப்பும் வாதாடிக்கொண்டிருக்கும் மாதங்களில் குறைதான் வளரும்.

இல்ல மேம்பாட்டுத் திட்டம்: 2007இல் அறிவிக்கப்பட்டது. 1997 வரை கட்டப்பட்ட வீடுகள் இதற்குத் தகுதிபெறும். கான்கிரீட் உதிர்வைச் சரிசெய்தல், பழைய கழிவுநீர்க் குழாய்களை மாற்றுதல் போன்ற அத்தியாவசிய வேலைகளுக்குச் சிங்கப்பூரர்கள் பணம் செலுத்த வேண்டியதில்லை. கழிவறையைப் புதுப்பிப்பது விருப்பத்துக்குரியது. அதற்குச் சிங்கப்பூரர்கள் வீட்டு வகையைப் பொறுத்துச் செலவில் 5 முதல் 12.5 விழுக்காடு செலுத்துவர். புளோக்கில் தகுதிபெற்ற சிங்கப்பூரர் இல்லங்களில் குறைந்தது 75 விழுக்காடு ஆதரித்து வாக்களித்தால்தான் திட்டம் நடைபெறும். உங்கள் புளோக்கில் வாக்கெடுப்பு நடந்தால் தவறாமல் கலந்துகொள்ளுங்கள்.

'ஈஸ்' திட்டம்: மூத்தோர் வசிக்கும் வீடுகளில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரைப்பூச்சு, சாய்தளம் போன்றவற்றை அமைக்க உதவும். செலவில் 95 விழுக்காடு வரை உதவிநிதி கிடைக்கும். 65 வயதானோர் விண்ணப்பிக்கலாம். 60 முதல் 64 வயதுவரை உள்ளவர்கள் அன்றாட வேலைகளுக்கு உதவி தேவைப்பட்டால் விண்ணப்பிக்கலாம்.

உங்கள் பங்கைச் செலுத்த முடியாத நிலை என்றால் மௌனமாக இருக்காதீர்கள். வீவக கிளையிலோ அருகிலுள்ள சமூகச் சேவை அலுவலகத்திலோ சொல்லுங்கள்.

8. வேலை முடியும்வரை உடல்நலத்தைக் காத்துக்கொள்ளுங்கள்

• சொட்டும் நீருக்கு வைத்த வாளியைத் தினமும் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.
• சன்னல்களைத் திறந்து வையுங்கள். குளித்தபின் கழிவறைக் கதவைச் சாத்தி வைக்காதீர்கள். மின்விசிறி காற்று உள்ளே போகட்டும்.
• துவைத்த ஈரத்துணியைக் கசிவுள்ள அறையில் உலர்த்தாதீர்கள்.
• ஒரு சதுர மீட்டருக்குள் உள்ள பூஞ்சையைச் சவர்க்கார நீரால் துடைக்கலாம். கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள். காய்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், வித்துகள் பறக்கும்.
• குளோரின் கலந்த வெளுப்பு நீரை வேறு எந்தச் சுத்திகரிப்புத் திரவத்தோடும் வினிகரோடும் கலக்காதீர்கள். நச்சு வாயு உண்டாகும்.
• ஆஸ்துமா உள்ளவர் துடைக்கும் வேலையைச் செய்ய வேண்டாம். அவர் படுக்கையை ஈரச்சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள்.
• இரவில் அடிக்கடி இருமல் வந்தாலோ மூச்சுவிடும்போது சீழ்க்கை ஒலி கேட்டாலோ பலதுறை மருந்தகத்தையோ குடும்ப மருத்துவரையோ பாருங்கள். மூச்சுத்திணறல் கடுமையானால் 995ஐ அழையுங்கள்.

9. உங்களைச் சோதித்துக்கொள்ளுங்கள்

கேள்வி 1: நீங்கள் புளோக்கின் கடைசி மாடியில் இருக்கிறீர்கள். மழை பெய்யும்போது படுக்கையறைக் கூரையில் ஈரம் தெரிகிறது. யாரிடம் சொல்வீர்கள்?
பதில்: நகர மன்றத்திடம். உங்களுக்கு மேல் வீடு இல்லை. மொட்டைமாடி பொது இடம்.

கேள்வி 2: சமையலறைக் கூரையில் உள்ளங்கை அளவு கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிகிறது. உறவினர் ஒருவர், "பொய்க்கூரை போட்டு மறைத்துவிடலாம், அழகாகவும் இருக்கும்" என்கிறார். என்ன சொல்வீர்கள்?
பதில்: வேண்டாம். துரு உள்ளே பரவிக்கொண்டே இருக்கும், கண்ணுக்கும் தெரியாது. ஒருநாள் பொய்க்கூரையோடு சேர்ந்து விழலாம். முதலில் பழுதைச் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி 3: வீவக அதிகாரி இரண்டு முறை வந்தும் கசிவின் காரணம் தெரியவில்லை. மூன்றாவது வருகைக்கு முன் கசிவு தானாக நின்றுவிட்டது. சந்திப்பை இரத்து செய்யலாமா?
பதில்: வேண்டாம். மேல்வீட்டுக்காரர் சில நாள் ஊரில் இல்லாததால் கசிவு நின்றிருக்கலாம். நின்ற தேதியைக் குறித்து அதிகாரியிடம் சொல்லுங்கள். அதுவும் ஒரு தடயம்.

கேள்வி 4: நீங்கள் அறை வாடகைக்கு இருக்கிறீர்கள். படுக்கையறைச் சுவரில் பூஞ்சை. புகார் செய்தால் வீட்டுக்காரர் வெளியேறச் சொல்வாரோ என்று அஞ்சுகிறீர்கள். என்ன செய்யலாம்?
பதில்: படத்துடன், பணிவான சொற்களில் செய்தி அனுப்புங்கள். சரிசெய்யாவிட்டால் பாதிக்கப்படுவது அவருடைய சொத்து என்பதையும் சொல்லுங்கள். உங்களுக்கு இளைப்பு இருந்தால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்றே செய்ய ஐந்து

□ கழிவறை, சமையலறை, படுக்கையறைக் கூரைகளை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.
□ கறை இருந்தால் படமெடுத்து, பென்சிலால் ஓரம் குறித்துத் தேதி எழுதுங்கள்.
□ புடைப்புக்குக் கீழே படுக்கையோ நாற்காலியோ இருந்தால் நகர்த்துங்கள்.
□ வாளிகளில் தேங்கிய நீரைக் கொட்டுங்கள்.
□ மேல்வீட்டுக்காரரையும் கீழ்வீட்டுக்காரரையும் சந்தித்துப் பெயரும் தொலைபேசி எண்ணும் பரிமாறிக்கொள்ளுங்கள். குறை வருவதற்கு முன்பே அறிமுகமானவர்கள், குறை வந்தபின் எளிதாகப் பேசுவார்கள்.

பெற்றோர் தனியாக வசித்தால், அடுத்த முறை பார்க்கப் போகும்போது அவர்கள் வீட்டுக் கூரையையும் நிமிர்ந்து பாருங்கள். "உங்களுக்கு எதற்குத் தொந்தரவு" என்று அவர்கள் சொல்லாமல் விட்டிருக்கலாம். படமெடுத்து, உரிய இடத்தில் சொல்லி, சோதனை நாளன்று அவர்களுடன் இருங்கள்.

இந்தக் கையேட்டைப் படித்தபின் அண்டைவீட்டாருக்கும் கொடுங்கள்.